சார்ட்டில் கையெழுத்து இருக்கிறது, மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது

முதியோர் பராமரிப்பு இல்லங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு நாள் மதியம் இரண்டேகாலுக்கு அம்மாவைப் பார்க்க வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் தண்ணீர் டம்ளர். அதை வாய் வரைக்கும் கொண்டுபோக முடியாமல் கை பாதி வழியிலேயே நின்றிருந்தது, தண்ணீர் மடியில் வழிந்துகொண்டிருந்தது, என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார், முகமும் அசையவில்லை. பார்க்கின்சன் நோயாளி இருக்கிற வீட்டில் வளைய வந்தவர்களுக்கு இது உடனே புரியும். மருந்தின் வேகம் இறங்கிவிட்டால் உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு மணி மாத்திரை கொடுத்தாச்சா என்று கேட்டேன். மருந்து கொடுத்ததும் கையெழுத்துப் போடுகிற சார்ட்டை எடுத்துக் காட்டினார்கள். பகல் 1 மணிக் கட்டத்தில் அழகாக ஒரு கையெழுத்து. சரி என்று சொல்லிவிட்டு, மருந்து வண்டியில் இருந்த அம்மாவின் அட்டையை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாளும் நேரமும் அச்சடித்த அட்டை. அன்றைய ஒரு மணி மாத்திரை அதன் குழிக்குள் பத்திரமாக இருந்தது.

அந்த இல்லத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்ற நிர்வாகிகள் எல்லாரும் "நல்லவேளை, நம்ம இடம் இல்லை" என்று பக்கத்தை மூடிவிடுவார்கள். இது உங்கள் எல்லாருக்கும்தான்.

முதலில் ஒன்று. கையெழுத்துப் போட்ட அந்த நர்ஸ் மேல் புகார் கொடுக்க இதை எழுதவில்லை. அவர் முந்தின இரவிலிருந்து தொடர்ந்து டியூட்டியில் இருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நீங்கள் செய்தது என்ன? ஒரு வாரத்துக்குள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, "நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்று எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். மறுநாள் புதிதாக ஒருவர் வந்தார். அதே வண்டி, அதே நேரம், அதே முப்பது பேர். எதற்கு நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தளத்தில் 30 பேர், காலை ரவுண்டுக்கு (வண்டியோடு போய் எல்லாருக்கும் வரிசையாக மருந்து கொடுப்பது) ஒரே நர்ஸ், இரண்டு மணி நேரம். ஒருவருக்கு 4 நிமிடம் வருகிறது. அந்த நான்கு நிமிடத்துக்குள் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும் (அறையில் இருக்க மாட்டார், கூடத்தில் யாரோ ஒருவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்), சார்ட்டையும் அட்டையையும் ஒத்துப் பார்க்க வேண்டும், நாலைந்து மாத்திரைகளைப் பிரித்து எடுக்க வேண்டும், சாய்ந்து கிடப்பவரை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், ஒவ்வொன்றாக விழுங்க வைக்க வேண்டும், கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று வாயைப் பார்க்க வேண்டும், கை கழுவ வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிற ஒருவருக்கே பத்து நிமிடம் போய்விடும். நடுவில் தொலைபேசி. நடுவில் கழிப்பறைக்குக் கூப்பிடுகிறவர். நடுவில் என்னைப் போன்ற உறவினர் ஒருவர் வந்து "அம்மாவோட கண்ணாடி எங்கே சிஸ்டர்?" என்பார். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்ஸுகள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை மருந்து கொடுப்பதை அருகில் நின்று கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறு 12 சதவீதத்துக்கு மேல் கூடியது என்று அதில் சொல்கிறார்கள். அன்றிலிருந்து நான் ரவுண்டு நேரத்தில் கண்ணாடியைப் பற்றிக் கேட்பதில்லை.

இந்த நிலையில் ஒருவர் என்ன செய்வார்? எல்லாருடைய மாத்திரைகளையும் முன்கூட்டியே சின்னச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து வைத்துக்கொள்வார். கையெழுத்துகளை எல்லாம் கடைசியில் மொத்தமாகப் போடுவார், அல்லது முதலிலேயே போட்டுவிடுவார். இரண்டும் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி (வாயிலா, ஊசியிலா), சரியான நேரம் என்று ஐந்து 'சரி'களைப் படிக்கிற காலத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்கள். அதையே பெரிதாக அச்சடித்து மருந்து அறைச் சுவரில் நீங்கள் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். நான்கு நிமிடத்தை ஆறு நிமிடமாக்க அந்தத் தாளால் முடியாது.

எங்கோ ஓர் இல்லத்தில் ஒரு நாள் நடந்த விஷயம் என்று இதை நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 பேரின் மருந்துகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். ஆளுக்குச் சராசரியாக 8 மருந்துகள். பார்த்த அன்று பத்தில் ஏழு பேருக்கு ஏதாவது ஒரு தவறாவது இருந்தது. டாக்டர் எழுதியதில் தவறு, மருந்தகத்தில் கொடுத்ததில் தவறு, ரத்தப் பரிசோதனை செய்து கண்காணிக்காத தவறு என்று எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வாயில் போடுகிற கட்டத்தில் மட்டும் பார்த்தால் ஐந்தில் ஒருவருக்கு மேல். பெரும்பாலானவற்றால் பெரிய கேடு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதுதான் இதில் உள்ள வில்லங்கமும். பத்துத் தடவை தவறி ஒன்றும் ஆகவில்லை என்றால் பதினோராவது தடவையை யார் பார்க்கப் போகிறார்கள்?

அமெரிக்காவில் மத்திய அரசின் விதி ஒன்று, இல்லத்தில் மருந்துத் தவறு விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஆய்வாளர் வந்து குறைந்தது 25 தடவை மருந்து கொடுப்பதை நின்று பார்த்து எண்ணுவார். ஆளைக் கெடுக்கக்கூடிய பெரிய தவறு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று தனியாகவும் விதி இருக்கிறது, அது நியாயம். ஆனால் அந்த 5 சதவீதத்தை நம் முப்பது பேருக்குப் பொருத்திப் பாருங்கள். ஆளுக்கு எட்டு என்றால் ஒரு நாளைக்கு 240 தடவை. நூற்றுக்கு நான்கு தவறினால் தினமும் ஒன்பது பத்து. அது தேர்ச்சி! ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை 96 வாங்கினால் நாமும் மெச்சத்தான் செய்வோம். ஆனால் மீதி நான்கு யார் வாயில் விழுந்தது என்பதைப் பொறுத்தது இது.

ஏனென்றால் எல்லா மாத்திரையும் ஒன்றில்லை. வைட்டமின் மாத்திரை ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகிவிடாது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் அப்படியில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மருந்து அது. மருத்துவமனையிலிருந்து வந்த சீட்டை அவசரத்தில் பார்த்து எழுதும்போது 'வாரம்' விடுபட்டு 'தினமும்' ஆகிவிட்டால், சில நாட்களிலேயே வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும், ஆள் போய்விடலாம். பல நாடுகளில் போயிருக்கிறார்கள். வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டே அந்த மாத்திரையையும் தினமும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இன்சுலினும் அப்படித்தான். ஊசியைப் போட்டுவிட்டார்கள், சாப்பாடு வர முக்கால் மணி நேரம் தாமதம். நமக்கு என்றால் படபடப்பு, வியர்வை, பசி என்று சொல்லிவிடுவோம். மறதி நோய் முற்றியவர் சொல்ல மாட்டார், கண்ணை மூடிக் கிடப்பார், "தூங்குறாங்க, எழுப்ப வேண்டாம்" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். யூனிட் என்பதைச் சுருக்கி நான்குக்குப் பக்கத்தில் ஆங்கில 'யு' (U) போட்டால் அது பூஜ்யம் மாதிரித் தெரிந்து 40 என்று படித்துவிடலாம். இந்தச் சுருக்கெழுத்து வேண்டாம் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இன்னமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழுங்க முடியவில்லை என்றால் நுணுக்கி எதிலாவது கலந்து கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும் என்று செய்த மாத்திரையை நுணுக்கினால், அந்த நாள் முழுவதற்குமான மருந்தும் கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். பிரஷர் மாத்திரை என்றால் தலைசுற்றி விழுவார். மார்ஃபின் வகை என்றால் மூச்சே அடங்கிவிடலாம். அப்புறம் விழுந்ததற்கு "வயசாயிடுச்சு, கால் தடுமாறியது" என்று எழுதுவீர்கள். விழுந்ததற்கு முன்னால் அவருக்கு எந்த மாத்திரை எப்படிக் கொடுக்கப்பட்டது என்று திரும்பிப் பார்த்த பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

வலிக்கு முதுகில் ஒட்டுகிற ஃபென்டனில் பட்டை (அதுவும் மார்ஃபின் வகைதான்) 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். முதுகு யார் கண்ணுக்கும் படாது என்பதால் குளிப்பாட்டுகிற ஆள்தான் கண்டுபிடிப்பார், அவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தவருக்கு உள்ள மருந்தை இவருக்குக் கொடுப்பது. இது எங்களுக்கும் நடந்தது, ஒரே ஒரு தடவை. பக்கத்து அறையில் அம்மாவின் பெயரிலேயே இன்னொரு அம்மா. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இருவருமே "ம்ம்" என்பார்கள், சொல்லப்போனால் மறதி நோய் உள்ளவர்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் "ம்ம்" என்பார்கள், மரியாதைக்காக. சார்ட்டில் படம் ஒட்டியிருக்கிறதே என்பீர்கள். அது சேர்ந்த அன்று எடுத்த படம். இரண்டு வருடத்தில் அம்மா பன்னிரண்டு கிலோ இறங்கிவிட்டார், எனக்கே அந்தப் படத்தில் அவரை அடையாளம் தெரிவதில்லை.

இப்போது அந்த ஒரு மணி மாத்திரைக்கு வருகிறேன். அம்மாவுக்கு லெவோடோபா என்கிற அந்தப் பார்க்கின்சன் மருந்து ஒரு நாளைக்கு ஐந்து வேளை: காலை 7, 10, பகல் 1, மாலை 4, இரவு 7. இந்த நேரங்களை டாக்டர் சும்மா எழுதவில்லை, ஒரு டோஸ் இறங்குகிற நேரத்தில் அடுத்தது ஏற வேண்டும் என்று மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வைத்தது. பிரிட்டனில் வகுத்துள்ள தரம், குறித்த நேரத்துக்கு 30 நிமிடத்துக்குள் இதைக் கொடுக்க வேண்டும் என்கிறது. அங்கே பார்க்கின்சன் நோயாளிகளுக்கான அமைப்பு நேரத்துக்கு மருந்து கொடுங்கள் என்று இதற்காகவே இயக்கம் நடத்தியது. திடீரென்று ஒரேயடியாக நிறுத்தினால் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்: "மதிய ரவுண்டு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. அதற்குள் எப்போது கொடுத்தாலும் அது சரியான நேரம்தான் மேடம்." வண்டிக்குச் சரியான நேரம். அம்மாவின் மூளைக்கு அந்த ரவுண்டைப் பற்றித் தெரியாதே!

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வாந்தி என்றால் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடும், இரவில் கலவரப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிற ஹாலோபெரிடாலும் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு ஆகாது, விறைப்பை இன்னும் கூட்டிவிடும். 'தேவைப்பட்டால்' என்ற பட்டியலில் அம்மாவுக்கு மெட்டோகுளோப்ரமைடு இரண்டு வருடமாக எழுதியிருந்தது. தேவைப்படவே இல்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். முதலில் நேரம் தவறவே கூடாத மருந்துகளை ரவுண்டிலிருந்து வெளியே எடுங்கள். லெவோடோபா, இன்சுலின், வலிப்பு மாத்திரை. முப்பது பேரில் ஏழெட்டுப் பேருக்குத்தான் இருக்கும், அதற்குத் தனித்தட்டு, ஒரு அலாரம், அந்த ஷிப்டில் அதற்கென்று பெயர் சொல்லி ஒரு ஆள். மீதி எல்லாம் ஆற அமர வரட்டும், எந்த உறவினரும் சண்டைக்கு வர மாட்டோம்.

அப்புறம் மருந்துகளைக் குறையுங்கள். கொடுக்காத மாத்திரையில் தவறு நடக்காது. வயதானவர்களுக்கு எவை ஆகாது என்று 1991இல் மார்க் பியர்ஸ் குழுவினர் முதலில் போட்ட பட்டியலே இந்த மாதிரி இல்லங்களில் இருப்பவர்களை மனதில் வைத்துப் போட்டதுதான், இன்றுவரை திருத்தித் திருத்தி வெளியிடுகிறார்கள். ஆனாலும் எப்போதோ ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தபோது ஆரம்பித்த அசிடிட்டி மாத்திரை ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும், தூக்க மாத்திரையும் கூடவே ஓடும், ஏன் என்று கேட்டால் "சார்ட்டில் இருக்கிறது" என்பதே பதில். டாக்டரும் மருந்தாளுநரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் பட்டியலையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் அடித்துத் திருத்த வேண்டும். எதை நுணுக்கலாம், எதை நுணுக்கக் கூடாது, எதற்குச் சொட்டாகவோ திரவமாகவோ மாற்று இருக்கிறது என்பதையும் அந்த மருந்தாளுநரிடமே கேட்டு அட்டை மேலேயே எழுதி ஒட்டுங்கள். மருத்துவமனையிலிருந்து ஒருவர் திரும்பி வருகிற அன்று பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பேர் படிக்க வேண்டும். படத்தை வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுங்கள், அதற்கு என்ன செலவு?

இதற்கெல்லாம் ஆள் வேண்டும், ஆளுக்குப் பணம் வேண்டும், தெரியும். ஆனால் கடைசியாக நான் கேட்கப்போவதற்குப் பணமே வேண்டாம், அதைத்தான் நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று பயமாக இருக்கிறது.

தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். அம்மாவுக்குப் பக்கத்து அறை அம்மாவின் இரவு மாத்திரைகள் போனதை நான் தெரிந்துகொண்டது பதினோரு நாள் கழித்து, அதுவும் துணி மடிக்கிற பெண் வாய்தவறிச் சொல்லி. அந்தப் பதினோரு நாளில் ஒரு நாள் முழுக்க அம்மா எழுந்திருக்கவே இல்லை, "காலநிலை சரியில்லை, எல்லாருமே சோர்வாகத்தான் இருக்கிறார்கள்" என்று என்னிடம் சொன்னார்கள், நானும் நம்பினேன். அன்றே சொல்லியிருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன், ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கோபப்பட்டிருப்பேன்தான், கத்தியும் இருப்பேன். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

நர்ஸ் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். சொன்னால் வேலை போகும் என்று நீங்களே காட்டிவிட்டீர்களே. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் மருந்தை மாற்றிக் கொடுத்து நோயாளி இறந்த வழக்கில் ஒரு நர்ஸைக் குற்றவாளி என்று 2022இல் தீர்ப்புச் சொன்னார்கள். தவறு நடந்ததும் அதை அவரே ஒத்துக்கொண்டிருந்தார். அந்தத் தீர்ப்பைப் பார்த்து, இனி யார்தான் வாயைத் திறப்பார்கள் என்று நர்ஸுகள் அமைப்புகளே கவலைப்பட்டன. தெரிந்தே செய்தவரையும், மூடி மறைத்தவரையும், தூக்கமில்லாமல் தவறியவரையும் ஒரே தராசில் வைத்தால் எல்லாருமே மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். சார்ட் மட்டும் சுத்தமாக இருக்கும். ஆய்வாளர் வந்தால் அதைக் காட்டலாம்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து மூட்டு வலி மாத்திரையைப் பையில் போட்டு எடுத்துவந்து, உங்களிடம் சொல்லாமல் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற ஒருவருக்கு அதைச் செய்திருந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்று பிறகு படித்தேன். இனி எது கொண்டுவந்தாலும் மருந்து அறையில் காட்டிவிட்டுத்தான் மேலே போவேன். பையைச் சோதித்தாலும் கோபப்பட மாட்டேன்.

வேலையை விட்டு அனுப்பினீர்களே, அந்த நர்ஸ் எனக்குத் தொலைபேசியில் பேசினார். மன்னிப்புக் கேட்டார், நீண்ட நேரம் அழுதார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அம்மாவுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் பகல் மாத்திரை தாமதமாகிறது, ரவுண்டைப் பிரித்துத் தாருங்கள் அல்லது ஒரு ஆள் கூடுதலாகத் தாருங்கள் என்று நான்கு மாதத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டதற்கு அதில் யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லையாம். அந்தத் தாள் அங்கேதான் எங்காவது இருக்கும். தேடி எடுத்துப் பதில் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவருக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மணி மாத்திரைக்காக இப்போது தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து உட்காருகிற ஒரு மகள்